கழுவிய வள்ளம்

முனைக்கரை,
பருத்தித்துறை.
14.08.2023

தம்பி கிருஷாந்துக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைக் கண்டதும் திறப்பதா விடுவதா என்று யோசித்திருப்பீர். திட்டுவதற்கு எழுதவில்லை. திட்டுகிற எண்ணம் இருந்திருந்தால் இத்தனை வருடம் பொறுத்திருக்கமாட்டேன். என் வாயைப் பற்றி உமக்கு நன்றாகத் தெரியும்.

உம்மோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போன என் மனிசன் தவராசா பிரேதமாகத்தான் கரைக்கு வந்தார். நீர்தான் அவரை அடித்துக் கொன்றீர் என்று போன மாதம் உமக்கு மரண தண்டனை விதித்துவிட்டார்கள். நான் அதை அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. வழக்கு நடந்த காலம் முழுக்க யாராவது இதை என்னிடம் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஒரு படத்தைக் காட்டி, இது உம்முடைய கணவரின் உடலா என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். இறங்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நல்ல சீலை உடுத்திக்கொண்டு யாழ்ப்பாணம் வரைக்கும் போய் வந்தேன்.

இப்போது நெல்லியடியிலிருந்து லவீனா என்று ஒரு பெண் சட்டத்தரணி வீட்டுக்கு வந்தார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கினவர்களுக்காக வழக்காடுகிற நாலைந்து பேரில் அவரும் ஒருவராம். உம்முடைய மேன்முறையீட்டை அவர்கள் எடுத்திருக்கிறார்களாம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மெல்லக் கேட்டார்: "உங்களுக்கு அந்த ஆளிலை கோவம் இல்லையோ?" நான் சொன்னேன்: "கோவம் இருக்கு மிஸ். ஆனால் அது அக்கரை இழுவைப் படகுக்காரனிலை, அந்த றோலர்க்காரனிலை." அதற்குப் பிறகுதான் கதிரையில் ஒழுங்காகச் சாய்ந்து இருந்தார்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். அன்றைக்கு விடியக் கடலில் நடந்ததை எனக்கு ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் மூன்று மொழியில் கதைத்தார்கள், மூன்றிலும் பாதி பாதிதான் விளங்கியது. அவர் கடைசியாக என்ன சொன்னார்? பயப்படாமல் எழுதும்.

தக்சாயினி

*

சிறைச்சாலை
26.09.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பிந்தித்தான் கைக்கு வந்தது. இங்கே தமிழ்க் கடிதங்களை வாசித்துப் பார்த்துத் தருவதற்கு ஒரே ஓர் அதிகாரிதான். அவர் லீவில் போனால் எல்லாம் தேங்கிவிடும்.

நீங்கள் எனக்கு எழுதியது சரியில்லை அக்கா. ஊர் என்ன சொல்லும்? ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல்நாள் கரையில் நானும் அண்ணையும் சத்தம் போட்டது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் அக்கரை றோலர்கள் வருகின்றன, போகவேண்டாம் என்றேன். அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார். நானும் ஏதோ சொன்னேன். அதைத்தான் கொலைக்குக் காரணம் என்று எழுதிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியும், நாங்கள் கிழமைக்கு இரண்டு தரமாவது அப்படிச் சத்தம் போடுகிறவர்கள்.

கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. வலையை இழுக்கத் தொடங்கியிருந்தோம். ஒரு றோலர் எங்கள் வலையையும் தன் மடிவலையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. வள்ளமும் அதன் பின்னால் இழுபட்டது. அண்ணை கயிற்றை அறுக்க முன்னுக்கு ஓடினார். "நீ எஞ்சினைப் பார், நான் அறுக்கிறன்." அதுதான் கடைசி. கயிறு அறுந்ததும் வள்ளம் தூக்கி அடித்தது. மல்லாந்து விழுந்தவருக்கு நங்கூரத்தில் பிடரி அடிபட்டது. கரைக்கு வருவதற்கிடையில் முடிந்துவிட்டது. உங்களைப் பற்றி ஏதாவது சொன்னார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. பொய் எழுதினால் மற்றதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அவரை வாய் திறந்தபடி கொண்டுவர எனக்கு மனமில்லை. என் பெனியனைக் கிழித்துத் தாடையைக் கட்டினேன். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி மிஞ்சவில்லை. வலைத் தங்கூசி நூலால் கட்டினேன். உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்து முகத்தை மூடினேன். செத்தவருக்கு எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன். தங்கூசி காலில் வெட்டியிருந்ததைக் காட்டி, உயிரோடு கட்டினதாகவும் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். பிரேதத்தின் காலை யார் கட்டுவான் என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். நான் சொன்னபோது ஒருவர் சிரித்தார்.

வள்ளத்தை நான் கழுவவில்லை. அண்ணையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். பொலிஸ் வரும்வரைக்கும் நான் உங்கள் வாசல் படலையடியை விட்டு அசையவில்லை. அவர்கள் போய்ப் பார்த்தபோது வள்ளம் கழுவியிருந்தது. நங்கூரத்தில் இருந்த ரத்தம் போய்விட்டது. நான்தான் ஓடிப்போய்க் கழுவி மறைத்தேன் என்றார்கள். அதோடு என் கதை முடிந்தது.

இனி எழுதவேண்டாம். மகளைப் படிக்க வையுங்கள்.

கிருஷாந்

*

முனைக்கரை
02.11.2023

தம்பி,

உம்முடைய கடிதத்தைக் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். வாசித்து முடிய அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினீரே, அதற்காகத்தான் உம்மை நான் நம்புகிறேன். அந்த மனிசன் எஞ்சினைத்தான் நினைத்திருப்பார். எனக்கு அவரைத் தெரியாதா?

வள்ளத்தை யார் கழுவினது என்று உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கழுவச் சொன்னது அவரைப் பெற்ற மாமி.

அவரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எல்லாரும் மேலே வந்தபோது மாமி வள்ளத்தடியிலேயே நின்றுவிட்டார். நான் திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். வள்ளத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ரை பிள்ளையின்ரை ரத்தம் வெயிலிலை காயக்கூடாது. கழுவுங்கோடா" என்று கத்தினார். கடற்றொழிலாளர் சங்கத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் கடல் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். பிறகு மாமியே மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டார். சாவு ஏறின வள்ளத்தை அப்படியே விடுவது எங்கள் கரையில் இல்லையே. பொலிஸ் வருமென்று அந்த நேரம் யார் நினைத்தது? நான் படலைக்குத் திரும்பி வரும்போது நீர் அங்கே காலை நீட்டிக்கொண்டு இருந்தீர். அரைக் காற்சட்டையோடு.

லவீனா மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றார். அதை நான் அல்லவா கேட்கவேண்டும்! கழுவினது நீர் இல்லை என்று காட்டிவிட்டால் வழக்கில் பெரிய தூண் ஒன்று சரிந்துவிடுமாம். நீர் படலையடியில் இருந்ததற்கு நான் சத்தியக் கடதாசி தரலாம். ஆனால் மாமி சொல்வதற்குத்தான் கனம் அதிகம். செத்தவனின் தாய் கொலைகாரனுக்காகப் பொய் சொல்லமாட்டாள் என்று நீதிபதி நினைப்பாராம்.

மாமியிடம் கதையை எடுத்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "ஓம், நான்தான் கழுவச் சொன்னன். அதிலை என்ன?" என்றார். மறைக்கிற ஆள் இல்லை, தெரியும்தானே. சரி, அதை நீதிமன்றத்தில் சொல்லுங்கள் என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உவனுக்காக நான் கோட்டுக்குப் போறதோ? என்ரை பிள்ளையைத் திண்டவனுக்காகவோ?"

மூன்று நாளாக என்னோடு கதையில்லை. நான் விடப்போவதில்லை.

தக்சாயினி

*

சிறைச்சாலை
18.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மாமியை நெருக்கவேண்டாம். அவரிடம் எனக்குக் கோபம் கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு யாரையாவது நோகத்தானே வேண்டும். என்னை நோகட்டும்.

ஆனால் கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. கவலையில் இல்லை அக்கா. கழுவினது யார் என்று ஒருவருக்காவது தெரியும் என்ற சந்தோசத்தில். இத்தனை வருடமாக நான் சொன்னதை நானே நம்பாமல் போய்விடுவேனோ என்று பயந்திருக்கிறேன். ஒரே பொய்யை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னால், உண்மையாகவே நான் போய்க் கழுவினேனோ என்று தோன்றும். உங்களுக்கு இது பைத்தியக் கதையாக இருக்கும்.

அம்மாவால் இனிப் பயணம் செய்ய ஏலாது. முழங்கால் வீங்கிவிட்டதாம். தம்பி தலையைக் காட்டுவதே அபூர்வம். உங்கள் கடிதம் வருகிற நாளில்தான் நான் மனிதன் மாதிரி இருக்கிறேன். அடுத்தது எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதவேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

கடிதம் வாசிக்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உந்த அக்கா ஆர்? கூடப்பிறந்தவவோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். யார் என்று சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார்.

கிருஷாந்

*

முனைக்கரை
09.03.2024

தம்பி கிருஷாந்,

மாமி ஓம் என்றுவிட்டார்! இதை முதல் வரியிலேயே எழுதவேண்டும் என்று நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவரின் திவசத்துக்குக் கீரிமலைக்குப் போனோம். மாமி கேணியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படியில் இருந்தார். திடீரென்று, "அண்டைக்கு என்ரை பிள்ளையின்ரை முகத்தை மூடியிருந்த சாரம் ஆருடையது?" என்றார். உம்முடையது என்றேன். "தாடையைக் கட்டினது?" அதுவும் அவன்தான் என்றேன். கால் கட்டினதையும் சொன்னேன். கரையில் நின்ற ஆட்கள் யாரோ அதெல்லாம் செய்தார்கள் என்றுதான் மனுசி இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நீர் அரைக் காற்சட்டையோடு வந்து நின்றது வெட்கம் கெட்டதனம் என்று வேறு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கொல்லுறவன் தாடை கட்டுவானோடி? கொண்டுபோட்டுக் கடலிலை தள்ளிப்போட்டெல்லோ வருவான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அத்தனை பெரிய நீதிமன்றத்தில் எங்கள் கரையாள் ஒருவர் இல்லாமல் போனாரே.

அடுத்த கிழமையே லவீனா மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனேன். சத்தியக் கடதாசியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "மஞ்சள் தண்ணி குடுத்ததும் நான்தான், அதையும் போடுங்கோ" என்றார். கையெழுத்தும் போட்டார். மேன்முறையீட்டில் புதுச் சாட்சியை நேரில் கேட்பது லேசில் நடக்காதாம். மிஸ் அதற்கு அனுமதி கேட்கப்போகிறார்.

சங்கத் தலைவர் வரமாட்டார். வீட்டுக்கு வந்து, நாங்கள் ஒருத்தரும் வள்ளத்தைத் தொடவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். தடயத்தை அழித்ததாக உள்ளே போடுவார்கள் என்று பயம். போகும்போது படலையில் நின்று, "புருசனைத் திண்டவனுக்கு என்ன இவ்வளவு உருக்கம்?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னார். விளக்குமாற்றைத் தேடினேன், கைக்குக் கிடைக்கவில்லை.

நல்லாய்ச் சாப்பிடும். வெளியே வரும்போது ஆள் பார்க்கிறமாதிரி இருக்கவேண்டும்.

தக்சாயினி

*

சிறைச்சாலை
27.04.2024

அக்கா,

மாமியின் காலில் விழுந்ததாகச் சொல்லுங்கள். கீரிமலையில் அவர் கேட்டதை வாசித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்காக இல்லை. தம்பி வந்துவிட்டுப் போனான். ஊரில் உங்களையும் என்னையும் சேர்த்துக் கதைக்கிறார்களாம். அண்ணை இருந்த காலத்திலேயே என்று கதைக்கிறார்களாம். எழுதவே கை கூசுகிறது. மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்டுவிட்டாளாம். இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. விளக்குமாறு, உருக்கம் என்று பகிடிதான் எழுதினீர்கள்.

உங்களை யார் இதற்குள் வரச்சொன்னது? நான் கேட்டேனா? எனக்குப் போனது போய்விட்டது. நீங்களும் மகளும் அந்தக் கரையில் வாழவேண்டும். என்னால் இன்னொரு வீடு அழியக்கூடாது. இனி எழுதாதீர்கள். வந்தால் வாசிக்கமாட்டேன்.

கிருஷாந்

*

முனைக்கரை
19.05.2024

கிருஷாந்,

வாசிக்கமாட்டேன் என்றவர் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்தானே. இருந்து முழுக்க வாசியும்.

என்னை யார் வரச்சொன்னது என்று கேட்டீர். செத்தது என் மனிசன். அவரைக் கொன்றது றோலர். அதை ஒரு கொலை என்று பொய்யாய் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அவரின் சாவையே பொய்யாக்கிவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உமக்காக மட்டும் என்று நீர் நினைத்தால் அது உம்முடைய பெருமை.

மகள் வந்து என்னைக் கேட்டாள். "அம்மா, சனம் சொல்லுறது உண்மையோ?" என்றாள். இல்லை என்றேன். சரி என்றுவிட்டுப் படிக்கப் போனாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் வாங்க வருகிற பெண்கள் இப்போது என்னோடு கதைக்கும்போது சிரிக்கிற விதம் வேறு. கோயிலில் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஆனாலும் ஒரு சனத்தின் வாய்க்குப் பயந்து, கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல எனக்கு வராது.

மாமியை நேரில் கேட்க அனுமதி கிடைத்துவிட்டது. ஒக்டோபரில் கொழும்பில் விசாரணை. இப்போதே எந்தச் சீலை உடுப்பது என்று என்னிடம் கேட்கிறார். அன்றைக்கு உம்மையும் கொண்டுவருவார்களாம். தலையை நிமிர்த்திக்கொண்டு வாரும்.

தக்சாயினி அக்கா

*

முனைக்கரை
16.02.2025

தம்பி,

இதை லவீனா மிஸ்ஸின் கையில் கொடுத்துவிடுகிறேன். நீர் வாசித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். மிஸ் முதலிலேயே உமக்குச் சொல்லியிருப்பார். அன்றைக்கு மாமி சாட்சி சொன்னபோது நீர் தூரத்தில் இருந்தீர், எல்லாம் கேட்டிருக்குமோ தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

மாமி நல்லாய்த்தான் சொன்னார். கழுவச் சொன்னதையும், யார் யார் கழுவினார்கள் என்பதையும், தாடை கட்டினதையும் சொன்னார். நீதிபதி ஒருவர் பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் லவீனா மிஸ்ஸின் கையைப் பிடித்தேன். பிறகு அரச சட்டத்தரணி எழும்பினார். அவரிடம் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. சிறையில் எடுத்த எங்கள் கடிதங்களின் பிரதிகள். நீர் மார்கழியில் எழுதினதை எடுத்தார். உங்கள் கடிதம் வருகிற நாளில்தான் நான் மனிதன் மாதிரி இருக்கிறேன், அடுத்தது எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை வாசித்துவிட்டு மாமியிடம் கேட்டார், இது உங்கள் மருமகளுக்கு எழுதியது, உங்களுக்குத் தெரியுமா என்று. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ ஒன்றிரண்டு கடிதம் எழுதினேன் என்பதுதான் அவருக்குத் தெரியும். நீர் என்ன எழுதினீர் என்று நான் காட்டவில்லை. காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இந்தக் கதையை நீதிமன்றத்தில் சொல்லும்படி முதலில் உங்களைக் கேட்டது யார் என்றார். மாமிக்குப் பொய் வராதே. "என்ரை மருமகள்" என்றார். இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

தீர்ப்பில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். தாயின் சாட்சியம் மருமகளின் தூண்டுதலால் வந்தது. மருமகளுக்கும் குற்றவாளிக்கும் இருக்கும் நெருக்கம் கொலைக்கான காரணத்தை இன்னும் வலுப்படுத்துகிறது. முதல் வழக்கில் இருந்ததே ஒரு சில்லறைச் சண்டை, தம்பி. இப்போது நான் போய் நல்ல காரணம் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். உமக்கு உதவிசெய்யாமல் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டு இருந்திருந்தால் நீர் இன்றைக்கு வெளியே வந்திருப்பீரோ என்று நினைக்கிறேன். நினைத்து நினைத்துப் பார்த்தும் நான் செய்ததில் எது பிழை என்று எனக்குப் பிடிபடவில்லை. பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாலாவது ஆறுதலாக இருக்கும்.

ரயிலில் மாமி வேறு பெட்டியில் ஏறினார். வந்த மறுநாளே தெல்லிப்பழையில் தன் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, "நான் சொன்னது முழுக்க உண்மை. நீ ஏன் என்னைச் சொல்லவைச்சனி எண்டதுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார். சத்தியம் செய்தேன். மகளின் தலையில் கைவைத்துச் செய்யப் போனேன். "பிள்ளையை விடு" என்று கையைத் தட்டிவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. மிஸ் அங்கே போகிறார். அதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். நான் உமக்கு எழுதக்கூடாது, பார்க்க வரக்கூடாது, ஒரு சவர்க்காரக் கட்டிகூட அனுப்பக்கூடாது. வழக்கு நடக்கிற பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது. உமக்கு நான் செய்யக்கூடிய உதவி இனி அது ஒன்றுதானாம். உம்மைத் தெரியாதவள் மாதிரி இருப்பது.

நீரும் ஒன்று செய்யவேண்டும். எனக்கு ஒரு கடிதம் எழுதி, வழக்கம்போல அதிகாரியிடம் கொடும். கடுமையாக எழுதும். உங்கள் கடிதம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எழுதும். அதன் பிரதியை மிஸ் வழக்கில் போடுவார். இதற்கு நான்தான் சம்மதித்தேன், அதனால் நோகமாட்டேன். நொந்தாலும் உமக்குச் சொல்லமாட்டேன், இனி சொல்ல வழியும் இல்லை.

உம்மை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இதைக் கடைசியாக எழுதிக்கொள்கிறேன்.

தக்சாயினி அக்கா

*

சிறைச்சாலை
11.03.2025

திருமதி தக்சாயினி தவராசா அவர்களுக்கு,

உங்களிடமிருந்து இனி எந்தக் கடிதமும் எனக்கு வரக்கூடாது என்பதைத் தெரிவிப்பதற்காக இதை எழுதுகிறேன்.

இதுவரை வந்த கடிதங்களை நான் கேட்டுப் பெறவில்லை. அவை எல்லாவற்றையும் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன். உங்கள் குடும்பத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. உங்கள் கணவரின் வள்ளத்தில் நான் தொழிலுக்குப் போனேன். அவ்வளவுதான். என்னைப் பார்க்க நீங்கள் ஒருபோதும் வந்ததில்லை. இனியும் வரவேண்டாம். என் வழக்கில் உங்கள் உதவி எனக்குத் தேவையில்லை.

இன்னும் கடுமையாக எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டது. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு வரவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன் வேறு பலர் இதை வாசிப்பார்கள். மிகுதியை அவர்களுக்கு எழுதுகிறேன். ஐயா, நான் தவராசா அண்ணையைக் கொல்லவில்லை. அதை நீங்கள் நம்பாவிட்டால் விடுங்கள். அந்தப் பெண் என்னிடம் எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை. அதையாவது நம்புங்கள். அவருக்கு வளர்ந்துவருகிற ஒரு பிள்ளை இருக்கிறது. ஒரு பிழையும் செய்யாத மனிசி. உங்களில் யாராவது பருத்தித்துறைப் பக்கம் போனால் இதை அங்கே சத்தமாகச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவருக்குத்தான் கெடுதல்.

கடிதத்தை முடிக்கும்போது சுகம் கேட்பது வழக்கம். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கிருஷாந்